கணவர் நடமாட்டத்துடன் உள்ளாரா?

என் வீட்டுக்காரர் செபாஸ்டியன் இருபத்திரண்டு வருஷமாக ஏழைகளை அளந்தவர். எங்கள் மாதா கோயிலின் ஏழைகள் உதவிக் கமிட்டிக்கு இவர்தான் செயலாளர். யார் ஏழை, யார் பாதி ஏழை, யார் ஏழை மாதிரி வேஷம் போடுகிறவர் என்று வாசலில் கால் வைத்ததுமே சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு நோட்டில் எழுதுவார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு பெயருக்கு நேரே அந்த முத்தெழுத்தில் ‘தேவையில்லை’ என்று விழுந்துவிட்டால் அந்த வீட்டுக்கு அடுத்த வருஷம் வரை அரிசி கிடையாது.

விதிகளை எழுதியதும் இவர்தான். மொத்தம் பன்னிரண்டு. வீட்டில் பிரிட்ஜ் இருந்தால் உதவி இல்லை. கழுத்தில் தங்கம் தெரிந்தால் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு பேர் வருவார்கள், பானையைத் திறந்து பார்ப்பார்கள், முகம் சுளிக்கக் கூடாது. உதவி வாங்குகிறவர் தானே வந்து வரிசையில் நிற்க வேண்டும். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று பெயரைச் சத்தமாக வாசிப்பார்கள். “நாலு பேருக்குத் தெரிஞ்சு வாங்கினாத்தான், ராஜி, ஏமாத்த மாட்டாங்க” என்பார் இவர் என்னிடம். ஏழாவது விதி மருந்தைப் பற்றியது. மருந்து விலை அதிகம். அதனால் விதவைகளுக்கும், புருஷன் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கும் மட்டும்தான் மருந்து. படிவத்தில் அதற்கென்று ஒரு கேள்வி இருந்தது: கணவர் நடமாட்டத்துடன் உள்ளாரா?

அந்தக் காலத்தில் எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. செயலாளர் மனைவி என்று முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, கையில் விசிறியோடு, வரிசையில் நிற்கிறவர்களின் ரவிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தவள்தானே நானும்.

இவருடைய தாத்தா மிஷன் பள்ளியில் படித்து ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. இவர் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. ஊரே லுங்கி கட்டுகிற யாங்கோனில், அந்தக் கால ரங்கூனில், இவர் பேன்ட் போட்டு வேலைக்குப் போனவர். தெருக்கூட்டவும் சாக்கடை அள்ளவும் வந்த தமிழர்கள் முனிசிபல் லைன் வீடுகளில் இருந்தார்கள். அவர்களுடைய பாட்டனாரும் எங்கள் பாட்டனாரும் ஒரே கப்பலில்கூட வந்திருக்கலாம். ஆனால் “அவங்க லைன் ஆளுங்க” என்று எங்கள் வீட்டில் சொன்னால் அதில் ஒரு மூக்குச் சுளிப்பு சேர்ந்தே வரும். அந்தச் சுளிப்பு என் மூக்கிலும் இருந்தது.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் ராணுவ ஆட்சி வந்தது, ஆபீஸ் மூடியது. முதலில் என் நகை போனது, பிறகு தையல் மெஷின், பிறகு இரண்டாவது மாடி வீடு. லிஃப்ட் இல்லாத இந்த ஊர்க் கட்டடங்களில் மேலே போகப் போக வாடகை குறையும். கீழே கடைக்காரர்கள், நடுவில் சம்பளக்காரர்கள், உச்சியில் எங்களைப் போன்றவர்கள். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் சத்தம் கேட்கிற ஒரு சந்தில் ஆறாவது மாடிக்கு ஏறினோம். வாழ்க்கையில் இறங்கினவர்கள் படி ஏறுவது இந்த ஊரில்தான். “காத்து நல்லா வருது” என்றார் இவர்.

ஆபீஸ் போனாலும் செயலாளர் பதவி போகவில்லை. சம்பளம் இல்லாத பதவியை யார் பறிக்கப் போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஆனால் பேன்ட், தேய்த்த சட்டை, கக்கத்தில் நோட்டு. வீட்டில் வெறும் தேயிலைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய், அடுத்தவன் வீட்டுப் பானையைத் திறந்து, ‘மீன் இருக்கிறது, நிலைமை பரவாயில்லை’ என்று எழுதிவிட்டு வருவார். எங்கள் பானையில் அன்றைக்கு மீன் வாசனைகூட இருக்காது.

எனக்குச் சர்க்கரை வியாதி வந்து பதினோரு வருஷம். மாத்திரை காலம் முடிந்து ஊசிக் காலமும் வந்தாகிவிட்டது. போன மழையில் வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம் வந்தது. உடைந்தது, ஆறவில்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஊசி தவறாமல் போட்டுச் சர்க்கரையை இறக்காவிட்டால் முதலில் விரல், பிறகு பாதம் என்றாள். ஊசி மருந்து கடையில் கிடைப்பதே குதிரைக் கொம்பு. கிடைத்தாலும் எங்கள் ஒரு மாதச் சோற்றைவிட விலை அதிகம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டேன். பிறகு இரண்டு நாள் விட்டுப் போட்டேன். அப்புறம் தீர்ந்தே போனது.

அதே மருந்து கமிட்டியிடம் இருந்தது. ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் குடிபோன எங்கள் ஆட்கள் அனுப்புகிற பணத்தில் வாங்கி, சாமியார் வீட்டு பிரிட்ஜில் பூட்டி வைத்திருந்தார்கள். அதன் சாவி எங்கள் வீட்டுச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. நான் சாவியைப் பார்த்துக்கொண்டே புண்ணைக் கழுவுவேன்.

“கமிட்டியிலே கேளுங்களேன்” என்றேன் ஒரு நாள்.

“செயலாளரே கை நீட்டினா அப்புறம் யாரு மதிப்பா?”

“அப்போ என் கால்?”

“ஆண்டவர் பாத்துக்குவார்.”

ஆண்டவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். புண்ணும் பெரிதாகிக்கொண்டுதான் இருந்தது.

கால் அப்படியானதிலிருந்து நான் தெருவில் இறங்குவதில்லை. எங்கள் ஊரில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். மேல் முனையில் மணி, கீழ் முனையில் கிளிப். கீழே இருப்பவர் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். பையில் சாமானைப் போட்டு மாட்டினால் நாம் மேலே இழுத்துக்கொள்ளலாம். நீலாம்பாளை எனக்கு அந்தக் கயிறு வழியாகத்தான் பழக்கம். கூடையில் கசூன் என்கிற வள்ளைக் கீரை விற்கிறவள், லைன் ஆள். புருஷன் மாரிச்சாமி முனிசிபாலிட்டியில் சாக்கடை வேலை பார்த்து ஓய்ந்தவன். இப்போது குடிப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலையில்லை.

“ஏக்கா கீழேயே காணோம்?” என்று ஒரு நாள் தெருவிலிருந்து கத்தினாள். கால் சரியில்லை என்று நானும் ஆறு மாடி கேட்கக் கத்தினேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் வந்து நின்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. என் வீட்டுக்குள் லைன் ஆள் ஒருத்தி வந்தது அதுதான் முதல் தடவை. கேட்காமலே என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் கட்டைப் பிரித்தாள். வெந்நீர் போட்டு ஆறவைத்துக் கழுவினாள். அப்போதுதான் அவள் காலைக் கவனித்தேன். இடது காலில் மூன்று விரல் இல்லை.

“சர்க்கரைக் காலு அக்கா இது, வெளையாடாதே” என்றாள். “ஊசி போடறியா?”

“கெடைக்கலே.”

“நானும் ஒங்க கோயில்லே ஊசி கேட்டேன், நாலஞ்சு வருஷம் முன்னே. அரிசி குடுக்கறோம், ஊசி கெடையாது, ஆம்பளை நடமாடறான்னு சொல்லிட்டாங்க. நடமாடறான்தான். சாராயக் கடைக்கும் வீட்டுக்கும்.” சிரித்தாள். யார் அப்படிச் சொன்னது என்று அவள் சொல்லவில்லை. சுவரில் இவருடைய போட்டோ மாட்டியிருந்தது. அதை ஒரு தரம் பார்த்துவிட்டுத் துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“எழுதிக் குடு அக்கா” என்றாள் போகும்போது. “வெக்கப்பட்டா வெரலு மொளைக்காது.”

மறுநாள் இவர் வெளியே போயிருந்தபோது இவருடைய நோட்டிலிருந்தே ஒரு படிவத்தை உருவி என் பெயரையும் வியாதியையும் எழுதினேன். மற்ற கேள்விகளை வீடு பார்க்க வருகிறவர்கள் கேட்டு நிரப்புவார்கள். பைக்குள் போட்டுக் கயிற்றில் இறக்கினேன். நீலாம்பாள் அதை எடுத்துக்கொண்டு போய்ச் சந்து முனையில் போன் கடை வைத்திருக்கும் ஆண்ட்ரூவிடம் கொடுத்தாள். வீடு பார்க்கப் போகிற இரண்டு பேரில் ஆண்ட்ரூ ஒருவன். இவரிடம்தான் கமிட்டி வேலை பழகினான். நல்ல பையன், யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாதவன். அவன் செய்த முதல் காரியம், “அங்கிள், ஆன்ட்டி கையெழுத்திலே ஒரு படிவம் வந்திருக்கு, ஞாயித்துக்கிழமை வீடு பாக்க வரணும்” என்று இவர் காதில் போட்டதுதான். நாள் எனக்கும் தெரிந்துவிட்டது, நீலாம்பாள் மணியடித்துச் சொன்னாள். எனக்குத் தெரியும் என்பது இவருக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியாது.

அந்த ஞாயிறு நடந்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்களிடம் ஒரு பிரிட்ஜ் உண்டு. மின்சாரம் நாளைக்கு நாலு மணி நேரம்கூட வராத ஊரில் அது செத்து இரண்டு வருஷம் ஆகிறது. உள்ளே என் பழைய புடவைகளை வைத்திருக்கிறேன். கமிட்டி கண்ணில் படக் கூடாதென்று அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினேன். நொண்டிக்கொண்டே மேஜை விரிப்பை எடுத்தேன், கண்ணாடித் தம்ளர்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன், கிழிந்த லுங்கியைத் தேடி உடுத்தினேன். குளித்துவிட்டு வந்து இவர் போர்வையை எடுத்தார். பிரிட்ஜ்மேல் பிளாஸ்டிக் பூங்கொத்தை வைத்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து தம்ளர்களை எடுத்துத் துடைத்தார். மூன்றாவது மாடியில் கப்பும் சாஸரும் இரவல் வாங்கியிருந்தார். எங்கிருந்து காசு வந்ததோ, நாலு காப்பி பாக்கெட்டும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் இருந்தன. நான் ஏழை வீடு ஆக்க, இவர் பணக்கார வீடு ஆக்க, ஒரே அறையில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டோம். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆண்ட்ரூவோடு லதா வந்தாள். சின்னப் பெண், தமிழ் புரியும், வாயில் பர்மியம்தான் வரும். போட்டோ எடுப்பது அவள் வேலை. இவர் பேன்ட்டும் காலுறையுமாக நின்று, “வாங்க, வாங்க” என்று கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வரவேற்றார். காப்பி வந்தது. பிஸ்கட் வந்தது. நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த பிஸ்கட்டைத் தின்ன எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. எடுக்கவில்லை, ஏழை பிஸ்கட் தின்றால் படிவம் கெட்டுவிடும்.

ஆண்ட்ரூ நெளிந்துகொண்டே கேட்டான். “வீட்டிலே எத்தனை வேளை சமையல்?”

“மூணு” என்றார் இவர்.

“ஒண்ணு” என்றேன் நான்.

“வருமானம்?”

“சமாளிக்கறோம்” என்றார். “இங்கிலீஷ் கடிதம் எழுதித் தர்றேன், விசாவுக்குப் போறவங்களுக்கு. அதெல்லாம் குறைவில்லே.”

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். இவருக்குக் கூழில்கூட ஆசையில்லை, மீசை ஒன்று போதும். எனக்கு எரிந்தது. காலைத் தூக்கி, காப்பிக் கப்புகளுக்கு நடுவே மேஜைமேல் வைத்துக் கட்டைப் பிரித்தேன். வாடை வந்தது. லதா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆண்ட்ரூ கப்பைக் கீழே வைத்துவிட்டான்.

“ஆன்ட்டி...”

“போட்டோ எடும்மா” என்றேன் லதாவிடம். “நல்லா கிட்டக்க எடு.”

எடுத்தாள். இவர் எழுந்து பால்கனிக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார். என் காலைப் பார்க்கவில்லை. கட்டு போட்ட நாளிலிருந்து இவர் ஒரு தரம்கூட அதைப் பார்த்ததில்லை.

ஆண்ட்ரூ இவர் முதுகைப் பார்த்துச் சொன்னான். “அங்கிள், அரிசிக்கு நான் எழுதிக்கறேன். மருந்துக்கு ஏழாவது விதி இடிக்குது. நீங்க நடமாடறீங்க. ஆனா ஒண்ணு செய்யலாம். பெர்த்துக்கு நீங்க ஒரு மெயில் போடுங்க. இந்த விதி சரியில்லே, எங்க வீட்டிலேயே இப்படியாச்சுன்னு சொன்னா அவங்க உடனே எடுத்துருவாங்க. நம்ம ஆன்ட்டிக்கு மட்டுமில்லே, இன்னும் எத்தனை பேரு இருக்காங்க, எல்லாருக்கும் ஆகும். நீங்க எழுதினது, நீங்க சொன்னாத்தான் எடுபடும்.”

இவர் திரும்பினார். “பெர்த்திலே இருக்கறவங்க யாரு தெரியுமா ஆண்ட்ரூ? எல்லாம் என் கூடப் படிச்சவங்க. எனக்குக் கீழே வேலை பாத்தவனும் ஒருத்தன் இருக்கான். அவங்களுக்கு நான் எழுதணுமா, என் பொண்டாட்டிக்கு ஊசி குடுங்கன்னு?”

ஆண்ட்ரூ தலையைக் குனிந்துகொண்டான். “அந்த ஒரு கேள்வியை மட்டும் காலியா விட்டிருக்கேன் அங்கிள். நீங்களே நிரப்பிருங்க” என்று படிவத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். மாதாமாதம் பட்டியலை நல்ல கையெழுத்தில் திருப்பி எழுதி வாசிப்பது இவர்தான் என்பதால் எல்லாப் படிவமும் கடைசியில் இவரிடம்தான் வரும்.

ஒரு வாரம் இவர் என்னோடு பேசவில்லை. இரவல் கப்புகளைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். மேஜையில் உட்கார்ந்து எழுதினார், கிழித்தார், எழுதினார். பெர்த்துக்குத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது எனக்கு இவர்மேல் பழைய பிரியம்கூடக் கொஞ்சம் வந்தது. பிடிவாதக்காரர்தான், ஆனாலும் என் கால் இல்லையா, இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தேன். பைத்தியக்காரி நான்.

அரிசி கொடுக்கிற ஞாயிறு வந்தது. இவர் விடிந்ததும் போய்விட்டார். என்னை ஆறு மாடி இறக்கிக் கூட்டிப்போனது நீலாம்பாள்தான். ஒவ்வொரு படியாக, தன் தோளில் என் கையைப் போட்டுக்கொண்டு இறக்கினாள். விரல் இல்லாத காலும் புண்ணுள்ள காலும் சேர்ந்து நல்ல ஜோடி. “அக்கா, நாம ரெண்டு பேரும் ஓட்டப் பந்தயத்துக்குப் போலாம்” என்றாள். மூன்றாவது மாடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்தோம். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

கோயில் முற்றத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் விசிறியோடு வேறு யாரோ ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என் பார்வை அவளுடைய பார்வையைச் சந்தித்தபோது அவள் விசிறியை வேகமாக ஆட்டினாள். நான் வரிசையில் நின்றேன், எனக்குப் பின்னால் நீலாம்பாள். மேஜைக்குப் பின்னால் இவர், மூக்குக் கண்ணாடியும் பட்டியலுமாக. பக்கத்தில் ஆண்ட்ரூ அரிசி அளக்க, லதா போனும் கையுமாக நின்றாள். ஒவ்வொரு பெயராக வந்தது. நூர் பீவி, கணவர் ஆபித், அரிசி. சத்யபாமா, கணவர் தனசேகரன், படுக்கையில், அரிசியும் மருந்தும். இவர் குரல் வெண்கல மணி மாதிரி. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

பிறகு, “இராஜகுமாரி” என்றார். கொஞ்சம் நிறுத்தினார். “விதவை. அரிசி ஒரு ஆளுக்கு. மருந்து.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இங்கே பூசணிக்காயே மேஜை போட்டு உட்கார்ந்து, நான் இங்கே இல்லை என்று வாசித்தது. அந்த முற்றத்தில் இவரைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஆண்ட்ரூ அரிசிப் படியைப் பிடித்தபடியே நின்றான். இவர் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். “பொய்” என்று கத்தியிருக்கலாம். திரும்பிப் போயிருக்கலாம். நான் முன்னால் போய் அரிசியை வாங்கினேன். மருந்துப் பொட்டலத்தையும் வாங்கினேன், குளிர்ச்சியாக இருந்தது. விதவை என்று எழுதியதற்கு நேரே கையெழுத்தும் போட்டேன். எனக்கு என் கால் வேண்டும்.

பின்னாலிருந்து நீலாம்பாளின் குரல் கேட்டது. கத்தவில்லை, சாதாரணமாகத்தான் பேசினாள். அதுதான் எல்லோருக்கும் கேட்டது.

“இப்படி எழுதலாமா சார்? உசிரோட உக்காந்துக்கிட்டே எழுதலாமா? அன்னிக்கு எனக்கு யாரும் சொல்லலியே. எங்க ஆளையும் ஒரு கோடு போட்டுக் கொன்னிருந்தீங்கன்னா என் வெரலு மூணும் இருந்திருக்குமே.”

இவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த பெயரை வாசித்தார். “நீலாம்பாள். கணவர் மாரிச்சாமி, நடமாட்டத்துடன் உள்ளார். அரிசி மட்டும்.”

அவள் அரிசியை வாங்கிக்கொண்டாள். என்னைக் கடந்துதான் போனாள். “நீலா” என்றேன். நிற்கவில்லை. என்னைக் கை பிடித்துக் கூட்டி வந்தவள், திரும்பிப் போகும்போது என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அரிசிப் பையைத் தோளில் போட்டு, மருந்தை மடியில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து நான் தனியாக ஏறினேன். வீடு வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. வந்ததும் ஊசி போட்டுக்கொண்டு, உலையை வைத்தேன்.

மத்தியானம் இவர் வந்தார். காலுறையைக் கழற்றி மடித்து வைத்தார். மேஜையில் உட்கார்ந்தார்.

“உனக்காகத்தான் செஞ்சேன்” என்றார். “வேற வழியில்லே. விதவைன்னு போட்டாத்தான் மருந்து வரும். பட்டியலைப் பாக்கறவங்க பெர்த்திலே இருக்காங்க. ஊர்லே எத்தனையோ இராஜகுமாரி, அவங்களுக்கு எப்படித் தெரியப் போவுது?”

உண்மையாகவே இவர் தன்னைக் கொன்று எனக்கு மருந்து வாங்கித் தந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு தியாகி களை இருந்தது. ஒரு நிமிஷம் நானும் அதை நம்பப் பார்த்தேன். நம்பினால் எனக்கும் சௌகரியம்.

“சரி” என்றேன். “அப்போ நீலாம்பாளுக்கும் அதே மாதிரி எழுதிருங்க. அவளுக்கும் சர்க்கரை. இன்னும் ஏழு வெரல் இருக்கு. மாரிச்சாமி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? அடுத்த மாசப் பட்டியல்லே விதவைன்னு போட்டுருங்க.”

இவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். கோபம்கூட இல்லை, வெறும் ஆச்சரியம்தான்.

“அவங்களும் நாமளும் ஒண்ணா ராஜி? அந்த மாரிச்சாமி கல்லு மாதிரி உசிரோட இருக்கான். நான் கமிட்டி செயலாளர். என்னைப் பொய் எழுதச் சொல்றியா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்க மாட்டேன் என்றது. அது நின்றபோது என் உடம்பெல்லாம் கோபமாக இருந்தது. இவர்மேல் மட்டும் இல்லை. கையெழுத்துப் போட்ட என்மேலும்தான்.

“அப்போ எம் பேருக்கு நேரா எழுதினது?” என்றேன்.

இவர் மடித்து வைத்த காலுறையை எடுத்து மறுபடி மடித்தார்.

“பொய் எழுத மாட்டீங்க இல்லே? சரி. அப்போ அதுவும் பொய் இல்லேன்னே வச்சுக்கறேன்.”

சோறு வெந்திருந்தது. ஒரு ஆள் அரிசி. ஒரு தட்டை எடுத்துக் கழுவினேன். சோற்றையெல்லாம் அதில் போட்டு, மிச்சமிருந்த கீரைக் குழம்பை ஊற்றி, மேஜையில் இவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். இவர் இன்னொரு தட்டு வரும் என்று கொஞ்ச நேரம் அடுப்படியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எனக்கு?” என்றார்.

குரல் எங்கிருந்து வருகிறது என்று நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தட்டைக் காலியாக்கிவிட்டுத்தான் எழுந்தேன்.